மருந்து இடித்த கைகள்: வாணத்தின் வரலாற்றை எங்கிருந்து வாசிப்பது?

1

வாணம் என்ற சொல்லை நான் முதலில் கற்றது கீரனூர்ப் பக்கம் எங்கள் கிராமத்து மாரியம்மன் திருவிழாவில். அகராதியில் பார்த்தது பிற்பாடு, எம்.ஏ. தமிழ் படிக்கும்போது. 'பாணம்' என்ற வடசொல்லின் திரிபு, அம்பு என்பது மூலப்பொருள் என்று அங்கே போட்டிருந்தது. வடக்கே மொகலாயர் காலப் படைகளிலும் இதே சொல்லால்தான், 'பான்' என்று, போர் ராக்கெட்டைக் குறித்தார்கள். நாம் தீபாவளிக்குக் கொளுத்தும் புஸ்வாணமும் அந்த வாணம்தான். இன்றைக்குப் பத்திரிகைகள் 'ஏவுகணை', 'ஏவூர்தி' என்று எழுதுகின்றன. திருவிழா நோட்டீசில் மட்டும் இன்னும் 'வாணவேடிக்கை' மிச்சமிருக்கிறது. பழைய சொல் வேடிக்கைக்கும் புதிய சொல் அரசுக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்டது எப்படி என்பதுதான் என்னை இதை எழுதவைத்தது.

எங்கள் ஊருக்கு வாணம் விட வருகிறவரை 'மருந்துக்கார அய்யா' என்பார்கள். அவருடைய சொந்தப் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. இடது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். வெடியுப்பு, கந்தகம், எருக்கங்கரி மூன்றையும் தனித்தனியே இடித்துச் சலித்து, பிறகு ஈரம் தெளித்துச் சேர்ப்பார். குழாயில் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டுக் கெட்டிப்பார். அடியில் ஒரு கம்பியை நட்டுவைத்து அதைச் சுற்றித்தான் மருந்தை இறுக்குவது. கம்பியை உருவினால் நடுவில் நீளமாக ஒரு துளை.

சின்னப் பையனாக ஒருநாள் கேட்டேன்: "நடுவுல ஏன் அய்யா ஓட்டை?"

"ஓட்டை இல்லேன்னா மேல போவாது தம்பி. இருந்த எடத்துலயே எரிஞ்சு அடங்கிரும். ஓட்டை கோணுச்சுன்னா நம்ம மேலேயே வரும். மருந்துல கீறல் விழுந்துச்சுன்னு வையி, குழா வெடிச்சிரும்."

பல வருடம் கழித்து, இயற்பியல் படித்த நண்பர் ஒருவர் திட எரிபொருள் ராக்கெட் பற்றி விளக்கியபோது, அய்யா சொன்ன மூன்று வாக்கியத்துக்கு மேல் அதில் அதிகமில்லை என்று பட்டது. மருந்து எரிவது அதன் மேற்பரப்பில். நடுவே துளை இருந்தால் உள்சுவர் முழுக்க ஒரே நேரத்தில் பற்றும். வாயு பெருகிப் பின்பக்கமாகப் பாயும். குழாய் முன்னே போகும். மருந்தில் விரிசல் விட்டால் எரிகிற பரப்பு திடீரென்று கூடும், அழுத்தம் குழாயின் தாங்குசக்தியை மீறும். மைசூர் வாணத்திலிருந்து பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் வரைக்கும் இந்தக் கணக்கு மாறவில்லை.

ஆனால் ராக்கெட்டின் வரலாறாக நமக்குச் சொல்லப்படுவதில் இந்தத் துளையும் மருந்தும் அநேகமாகக் கிடையாது. அது வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களின் கதையாகச் சொல்லப்படுகிறது. ஒரு மாமனிதர், ஒரு கனவு, ஒரு தேசம். மருந்து இடித்தவன் அந்தக் கதையாடலுக்கு வெளியே நிற்கிறான். அவனை உள்ளே கொண்டுவந்தால் கதை எப்படி மாறும் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. தமிழில் வெடிப்பதும் மருந்து, நோய் தீர்ப்பதும் மருந்து என்பதையும் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2

திப்புவிடமிருந்து தொடங்குவது வழக்கம். நான் கொஞ்சம் முன்னால் போகிறேன். ஹைதர் அலியின் தகப்பனார் ஃபத் முகமது, ஆர்க்காட்டு நவாபின் படையில் மூங்கில் வாணம் விடுகிற ஐம்பது பேருக்குத் தலைவராக இருந்தவர். அந்த வாணங்கள் பெரும்பாலும் சைகை காட்டத்தான் பயன்பட்டன. அப்படியானால் 'மைசூர் ராக்கெட்' என்று உலகம் சொல்வதன் ஒரு வேர் ஆர்க்காட்டில், நம் மண்ணில் இருக்கிறது. இதைச் சொன்னதும் சிலருக்குத் தமிழ்ப் பெருமை கிளம்பும். தயவுசெய்து வேண்டாம். அந்த ஐம்பது பேரில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஹைதரும் திப்புவும் செய்த பெரிய மாற்றம் குழாயில். மூங்கில் போய் இரும்பு வந்தது. இரும்புக்குழாய் கூடுதல் அழுத்தம் தாங்கும். அதனால் மருந்தை இன்னும் இறுக்கிக் கெட்டிக்கலாம். வாணம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். நீள மூங்கில் கழியையோ வாளையோ வால்போலக் கட்டி அனுப்பினார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை அழிந்தது. அப்போது மைசூர் வாணம் விழுந்து கம்பெனியின் மருந்து வண்டிகள் வெடித்ததாகச் சொல்லப்படுகிறது. மருந்தை மருந்தே தேடிப்போய் அழித்த கதை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போர் ஓவியமாக இருக்கிறது.

இந்த யுத்தங்களில் எங்கள் புதுக்கோட்டை எந்தப் பக்கம் நின்றது? எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் உள்ளூரில் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். தொண்டைமான் நின்றது ஆங்கிலேயர் பக்கம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்டார். அதே ஆண்டில் திருக்களம்பூர்க் காட்டில் மறைந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டை. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. தெற்கில் ஆயுதம் ஏந்திய எதிர்ப்பின் இரண்டு முக்கிய முனைகள் ஐந்தரை மாதத்துக்குள் முறிந்தன. அதில் ஒன்றுக்கு எங்கள் மண் கையாளாக இருந்தது. திப்புவின் வாணத்தை 'நம் முன்னோர் கண்டுபிடிப்பு' என்று நான் மேடையில் முழங்குவதாக இருந்தால், இந்த இன்னொரு 'நம் முன்னோரை' எந்தப் பெட்டியில் பூட்டிவைப்பது? 'நாம்' என்ற சொல்லுக்குள் இருக்கிற கீறல் இது.

அப்புறம் நடந்தது பலரும் எழுதியது. வாணங்கள் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. அங்கே ராயல் லேபரட்டரியின் கண்காணிப்பாளருடைய மகன் வில்லியம் காங்கிரீவ், 1804-05 வாக்கில் சோதனைகள் செய்து 'காங்கிரீவ் ராக்கெட்' ஆக்கினார். 1806இல் பூலோன், 1807இல் கோபன்ஹேகன் நகரங்கள் அதனால் தாக்கப்பட்டன. 1814இல் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டைமேல் விழுந்த அந்த ராக்கெட்டுகள் அமெரிக்கத் தேசியகீதத்துக்குள்ளேயே ஏறிவிட்டன. வாணம் சீமைக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் வைக்கிறவன் யாரோ, கண்டுபிடிப்பு அவனுடையதாகிறது. இது காலனியத்தின் எளிய இலக்கணம்.

2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்பு வாணக் குழாய்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் யாரோ கையால் மருந்து அடைப்பதற்காகச் செய்த குழாய். அவர்களைப் பற்றிய ஆவணமாக நமக்குக் கிடைத்திருப்பது அந்தத் துருதான்.

3

இது காலனி நாட்டின் சாபம் மட்டும்தானா? ஒருபோதும் காலனியாகாத, தானே ஏகாதிபத்தியமாக இருந்து யுத்தத்தில் தோற்ற ஜப்பானை எடுத்துப் பார்த்தேன்.

ஜப்பானிய விண்வெளி வரலாறு ஹிதேயோ இதோகாவா என்ற பெயரில் தொடங்கும். யுத்தத்தின்போது நகஜிமா கம்பெனியில் 'ஹயபுசா' போர்விமானத்தின் வடிவமைப்பில் வேலை செய்தவர். தோல்விக்குப் பிறகு நேசநாடுகள் ஜப்பானில் விமான ஆராய்ச்சியைத் தடை செய்தன. 1952இல் தடை விலகியதும் அவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ராக்கெட் குழு ஒன்றை அமைத்தார். 1955 ஏப்ரல் 12 அன்று டோக்கியோவுக்கு வெளியே கொகுபுன்ஜியில் 'பென்சில் ராக்கெட்' பொதுமக்கள் முன்னிலையில் விடப்பட்டது. நீளம் 23 சென்டிமீட்டர், குறுக்களவு 1.8 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 200 கிராம். அதை மேலே விடவில்லை, படுக்கைவசத்தில் விட்டார்கள். மேலே போனால் பின்தொடர அவர்களிடம் ரேடார் இல்லை. வரிசையாக நிறுத்திய காகிதத் திரைகளைக் கிழித்துக்கொண்டு அது போனது; திரையில் ஓட்டிய மெல்லிய கம்பிகள் அறுபடும் நேரத்தை வைத்து வேகத்தை அளந்தார்கள்.

அதற்கு ஏன் பென்சில் அளவு? சிக்கனம், எளிமை, ஜப்பானிய அழகியல் என்றெல்லாம் சொல்லத் தோன்றும். காரணம் மருந்து. அய்ச்சி மாகாணத்தில் தகேதோயோ என்ற ஊரில் நிப்பான் யூஷி கம்பெனியின் வெடிமருந்து ஆலை இருந்தது. 'யூஷி' என்றால் எண்ணெயும் கொழுப்பும். எண்ணெய்க் கம்பெனிக்கும் வெடிமருந்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொழுப்பிலிருந்து சோப்புக் காய்ச்சும்போது மிஞ்சுவது கிளிசரின். அதை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் நைட்ரோகிளிசரின். அந்த ஆலையின் வெடிமருந்துப் பொறியாளர் ட்சுதோமு முராதா. ராக்கெட் குழுவுக்கு மருந்து தேடி வந்தவர்களுக்கு அவரால் உடனே கொடுக்க முடிந்தது சின்னச் சின்ன மருந்துக்குச்சிகள். மக்ரோனிபோல நடுவில் துளையுள்ளவை, குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரிய குச்சி செய்வதற்குப் பெரிய எந்திரமும் பணமும் வேண்டும். குழுவிடம் இரண்டும் இல்லை. ஆகவே இருந்த குச்சிக்கு ஏற்றபடி ராக்கெட்டை வடிவமைத்தார்கள். ஒரு தேசத்தின் விண்வெளித் திட்டத்துக்கு முதல் அளவெடுத்தது மருந்துக்குச்சிதான். கனவு பின்னால் வந்து அதற்குள் நுழைந்துகொண்டது.

முராதாவின் குச்சியில் இருந்த துளையைப் படித்தபோது எனக்கு மருந்துக்கார அய்யா உருவிய கம்பி ஞாபகம் வந்தது. அந்த மருந்தின் வம்சமும் முக்கியம். நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோசும் சேர்ந்த இந்த இருமூல மருந்து, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் போர் ராக்கெட்டுக்குமாக வளர்க்கப்பட்டது. சமாதான ஜப்பானின் முதல் ராக்கெட், யுத்தத்தின் கிடங்கிலிருந்து பிறந்தது.

இதோகாவாவின் பெயரை ஒரு சிறுகோளுக்கே வைத்திருக்கிறார்கள். 2005இல் 'ஹயபுசா' என்ற விண்கலம் அங்கே போய், 2010இல் அதன் துகள்களை எடுத்துக்கொண்டு திரும்பியது. போர்விமானத்தின் பெயர், ராக்கெட்காரரின் பெயர் இரண்டும் வானத்தில் சந்தித்துக்கொண்டன. முராதா துறைசார்ந்த நினைவுக்குறிப்புகளில் இருக்கிறார். தகேதோயோ ஆலையில் மருந்தைப் பிசைந்து பிழிந்தவர்கள் அதிலும் இல்லை.

4

இந்தியாவுக்கு வருவோம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. அது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. மீனவர்களின் மகதலேனா மரியா தேவாலயம் அலுவலகமானது, அந்தக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தார்கள். இந்த இடப்பெயர்வு தியாகக் கதையாகவே இன்றும் பாடப்புத்தகத்தனமாகச் சொல்லப்படுகிறது. இங்கேயே செய்த முதல் ராக்கெட், 75 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ரோகிணி ஆர்.எச்.-75, 1967 நவம்பர் 20 அன்று போனது. அதில் இருந்த மருந்து என்ன? கார்டைட். வந்தது எங்கிருந்து? நம் நீலகிரி மாவட்டம் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து.

அருவங்காடு, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தங்கள் இந்தியப் படைக்காக அங்கே கார்டைட் ஆலை வைத்தார்கள். கார்டைட் என்பது 1889இல் ஏபெல், டீவார் என்ற இரண்டு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் செய்த மருந்து. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின்; பிசைந்து கயிறுபோலப் பிழிந்ததால் அந்தப் பேர். முராதாவின் மக்ரோனிக்கு இது பங்காளி முறை. காலனியப் படைக்குத் தோட்டா நிரப்பக் கட்டிய ஆலையின் மருந்துதான் சுதந்திர இந்தியாவின் முதல் ராக்கெட்டை மேலே தள்ளியது. தேசத்தின் வம்சாவளியைத் திப்புவிலிருந்து நேராகத் தும்பாவுக்கு இழுத்துக் கோடு போடுகிறவர்கள் வுல்விச்சையும் அருவங்காட்டையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இந்தக் கோட்டைப் பிரபலமாக்கியதில் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகளு'க்குப் பங்குண்டு. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதள வரவேற்பறையில், திப்புவின் படை ஆங்கிலேயர்மேல் ராக்கெட் விடும் ஓவியத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டதை அதில் சொல்கிறார். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் அந்நிய மண்ணில் அந்தப் படத்தின் முன் நின்ற கணம் எனக்கும் புரிகிறது. அதைக் கிண்டல் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்த ஓவியம் பிறகு என்னவாகப் பயன்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி.-3 வெற்றி. அதன் நான்கு கட்டங்களுமே திட மருந்து. 1989 மே 22இல் அக்னி ஏவுகணை. அதன் முதல் கட்டம் எஸ்.எல்.வி.-3இன் முதல் கட்டத்திலிருந்து எடுத்தது. யுத்தத்திலிருந்து வந்த மருந்து ஆகாயத்தைச் சுற்றிவிட்டு மறுபடி யுத்தத்துக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் சுவர் இருப்பதாக நினைத்தது நம் அப்பாவித்தனம்.

இந்தியாவில் முராதாவின் இடத்தில் யாரையாவது வைக்க வேண்டுமென்றால் வசந்த் கோவரிக்கரை வைக்கலாம். 1933இல் புனேயில் பிறந்த வேதியியல் பொறியாளர். பர்மிங்ஹாமில் முனைவர் பட்டம். ஹார்வெல் அணுசக்தி ஆய்வகத்தில் வேலை. 1967இல் தும்பா வந்து திட எரிபொருள் பிரிவை வளர்த்தார். கார்டைட்டை விட்டு வெளியே வந்து, ரப்பர்போன்ற பாலிமரில் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியப் பொடியையும் குழைத்து அச்சில் வார்க்கும் முறைக்கு இந்தியா போனதில் அவருக்குப் பெரும் பங்கு. ஆமணக்கெண்ணெயிலிருந்துகூட அப்படியொரு பாலிமரை அங்கே செய்தார்கள். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் நிரப்புகிற மருந்து சுமார் 138 டன். எருக்கங்கரியிலிருந்து ஆமணக்குக்கு வந்திருக்கிறோம். நடுவில் இருக்கிற துளை அப்படியேதான் இருக்கிறது. கோவரிக்கர் 2015இல் இறந்தார். கலாம் இறந்ததும் அதே ஆண்டில். இரண்டு சாவுகளையும் ஊர் எப்படிக் கொண்டாடியது, எப்படிக் கவனிக்கவில்லை என்பதை வாசகர்கள் தாங்களே நினைத்துப் பார்க்கலாம்.

5

இங்கே நான் நிறுத்தினால் ஒரு மோசடி செய்தவனாவேன். இதோகாவாவுக்குப் பதிலாக முராதா, கலாமுக்குப் பதிலாகக் கோவரிக்கர் என்று சிலையை மட்டும் மாற்றி வைப்பது வரலாற்றை மாற்றி வாசிப்பதாகாது. மருந்துப் பொறியாளருக்குக் கீழே மருந்தைக் கலக்குகிறவர், அச்சில் ஊற்றுகிறவர், வார்த்ததில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறவர் இருக்கிறார்கள். 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டா திட மருந்து ஆலையில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆறு பெயரில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கேட்ட நானும் வீட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

இன்னும் கீழே வந்தால் நம் பக்கத்துக் கதை. 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி: முப்பது பேருக்கு மேல். 2016 டிசம்பர் 1, திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம் முருங்கப்பட்டி வெடிமருந்து ஆலை: பதினைந்து பேருக்கு மேல். அங்கே உடலை அடையாளம் காண மரபணுச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் எங்கள் புதுக்கோட்டைக்கு அருகே பூங்குடியில் நாட்டு வெடி செய்கிற இடத்தில் வெடித்தது. இவை பத்திரிகையில் 'விபத்து' என்ற தலைப்பில் வருகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவில் இறந்தவர்கள் 'தியாகிகள்', நாட்டு வெடிக்காரன் 'உரிமம் இல்லாதவன்'. இரண்டு பேரையும் கொன்றது ஒரே வேதியியல். சாவுக்குக் கிடைக்கிற சொல்லில் மட்டும் இத்தனை ஏற்றத்தாழ்வு.

உரிமம் என்றதும் அதன் வம்சத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் வெடிமருந்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1884இல் ஆங்கிலேயர் போட்டது. அந்தப் பெயரிலேயே இன்றும் அமலில் இருக்கிறது. 1799இல் வாணத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள், எண்பத்தைந்து வருடம் கழித்து, வாணம் செய்யத் தெரிந்தவனைத் தங்கள் அனுமதிக்குக் காத்திருப்பவனாக்கினார்கள். அறிவு மேலே போகப்போக விஞ்ஞானம், கீழே தங்கியது குற்றம்.

இதை வாசித்துக்காட்டியபோது நண்பர் ஒருவர் மறுத்தார். "நீ வெடிமருந்தைப் புனிதப்படுத்துறே. சட்டம் இல்லேன்னா இன்னும் நூறு பேர் செத்திருப்பான்." அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வீட்டுத் திண்ணையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மருந்து இடிப்பதை நான் மரபு என்று கொண்டாட வரவில்லை. சட்டம் வேண்டும்தான். சட்டம் அந்த மனிதனை எப்போது சந்திக்கிறது என்பதுதான் என் கேள்வி. வேலைக்குச் சேரும்போது சந்திப்பதில்லை, கூலி வாங்கும்போது சந்திப்பதில்லை, விரல் போகும்போது சந்திப்பதில்லை. வெடித்த பிறகு முதல் தகவல் அறிக்கையில் சந்திக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டு ராக்கெட் வரலாற்றில் மருந்து இடித்தவனின் முழுப்பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் ஒழுங்காக எழுதப்படுகிற ஒரே ஆவணம் அதுவாகத்தான் இருக்கிறது.

ஆகவே செயல்படுகிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அவரவர் வட்டாரத்தில் மருந்துத் தொழிலில் இருந்தவர்களை, இருக்கிறவர்களைத் தேடிப்போய் எழுதிவையுங்கள். என்ன கரி, எவ்வளவு உப்பு என்பதோடு, என்ன கூலி, எந்த வருடம் எந்த விரல் போனது, யார் வைத்தியம் பார்த்தார்கள், நஷ்டஈடு வந்ததா என்பதையும் கேளுங்கள். நிலக்கடலை வயலில் வேலை இல்லாத மாதங்களில் யார் யார் இதற்குப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். திருவிழாக் கமிட்டி நோட்டீசில் உபயதாரர் பட்டியல் நீளமாகப் போடுகிறோம்; அதில் வாணவேடிக்கை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதைச் செய்தவர் பெயரைப் போடச் சொல்லலாம்.

மருந்துக்கார அய்யா இறந்து பல வருடமாயிற்று. அவர் வெடியில் சாகவில்லை, காசநோயில் இறந்தார். கரித்தூளும் கந்தகமும் நாற்பது வருடம் உள்ளே போன நெஞ்சு. கீரனூரில் வாங்கிய மருந்து கேட்கவில்லை என்று அவருடைய மகள் சொன்னார். இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். "இங்க போட வேண்டாம் தம்பி, தம்பிமாரு இப்பவும் அந்த வேலைதான் பார்க்குறாங்க, போலீசு வரும்" என்றார் அந்த அம்மா. அதனால் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை.